தகட்டுக்குப் பின்னால் ஊறிய பலகை

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருக்கிறேன். உட்காரும்போதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். சாமியைக் குறை சொல்கிறாள் என்று பேர் வந்துவிடுமோ என்று பயம். ஏழாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதை யார் படிப்பார்கள் என்ற கூச்சமும் உண்டு. போன மாதம் இந்தக் கதையை ஒருவர் என்னிடமே வேறு மாதிரி சொன்னார். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் மாதேஸ்வரன் மலைக்குக் கிட்டே, ராமாபுரம் பக்கம். கல்யாணமானதிலிருந்து மைசூரில், விஜயநகருக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஊருக்கு வெளியே இருக்கிற அணையில், தேங்கி நிற்கிற பின்நீரில் படகு ஓட்டினார். பழைய ஃபைபர் படகு. இன்னொருவரிடம் வாங்கியது. அக்கரை ஊர்க்காரர்களையும், ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க வருகிறவர்களையும் ஏற்றிப் போவார். வருடக்கணக்கில் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்குக் காது போய்விட்டது. யார் பேசினாலும் என் வாயைத்தான் பார்ப்பார். நான் மெதுவாகத் திருப்பிச் சொன்னால் புரிந்துகொள்வார். காது கேட்காதவருக்கு வெளியே யார் வேலை தருவார்கள்? அந்தப் படகு ஒன்றுதான் அவருக்கு வேலை.

பழைய எஞ்சின் ஒருநாள் நடு நீரில் நின்றுவிட்டது. அதற்கு மேல் பழுது பார்க்க முடியாது என்றார்கள். புது எஞ்சின் டெம்போவில் கரைக்கு வந்தது. பழையதைவிடக் கனமானது. தேங்காய், சூடம், பூ எல்லாம் நான் எடுத்துக்கொண்டு போனேன். என் தம்பியும் வந்திருந்தான். அவன் ஃபைபர் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற பட்டறையில் வேலை செய்கிறான்.

"மாட்டறதுக்கு முன்ன பின்பலகையைப் பாத்துக்கலாம் மாமா" என்றான்.

படகின் பின்பக்கத்தை அடைத்து நிற்பதுதான் பின்பலகை. எஞ்சின் முழுக்க அதில்தான் தொங்கும். வெளியே பார்க்க ஃபைபர், உள்ளே பிளைவுட். எங்கள் பின்பலகையில் வெளிப்பக்கம் புலிமேல் உட்கார்ந்த மாதேஸ்வரன் பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. படகு வாங்கிய வருடம் மலைக்குப் போய் வாங்கி வந்தோம். நான்கு மூலையிலும் திருகு. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அவர் கழற்றித் தருவார், நான் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவேன், திருப்பி முடுக்குவார். ஓட்டை தளர்ந்துபோனால் தீக்குச்சியை ஒடித்துத் திணித்து முடுக்குவார். அடுத்த வருடம் இன்னும் பெரிய திருகு. எங்களுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. சாமி காரியம்.

தம்பி சின்னச் சுத்தியலால் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தான்.

"சும்னே ஏன்டா தட்டறே?" என்றார் இவர். "கதவு செய்யறவனுக்கு எதைப் பாத்தாலும் கதவுதான். தட்டுனா உள்ள இருந்து யாராச்சும் தொறப்பாங்கன்னு நெனச்சயா?"

"தொறந்தா நல்லதுதான் மாமா. உள்ள யார் இருக்காங்கன்னு பாத்துக்கலாம்."

நான் இதைத் திருப்பிச் சொன்னதும் இவர் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் கடைசி.

மேல் ஓரத்தில் 'டங் டங்' என்று கெட்டியாகக் கேட்டது. தகட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சத்தம் செத்துப்போய் 'பொத் பொத்' என்றது, ஈரச் சுவரைத் தட்டுகிற மாதிரி. தம்பி என்னைப் பார்த்தான். அந்த வித்தியாசம் என் காதிலும் விழுந்தது அவனுக்குத் தெரிந்தது. இவர் காதில் ஒன்றும் விழாமல் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படி இருக்குது புள்ள?"

"இன்னும் தட்டிப் பாக்கட்டுங்க" என்றேன்.

தம்பி ஒரு கட்டையை மேல் ஓரத்தில் கொடுத்து அழுத்தினான். கீழ் மூலையில் முடி மாதிரி இருந்த விரிசல் வாய் திறந்தது. தேத்தண்ணி நிறத்தில் நீர் கசிந்தது. பிறகு தகட்டைக் கழற்றப் போனான். திருப்புளி வேண்டியிருக்கவில்லை. திருகுகள் கையோடு வந்தன. தகட்டுக்குப் பின்னால் உள்பக்கமிருந்து சின்னதாக ஓட்டை போட்டான். நல்ல பலகை என்றால் வெளுத்த மரத்தூள் உலர்ந்து விழ வேண்டுமாம். எங்களுக்குக் கறுப்பாக, சாணி மாதிரி வந்தது. அதில் ஒரு தீக்குச்சித் துண்டும் இருந்தது.

இவர் அதை விரலில் எடுத்து மோந்து பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு வச்சு நடுவுல போல்ட் போட்டு இறுக்கிட்டா நிக்காதா மாப்ள?"

"உள்ள பலகையே இல்லைங்க மாமா. இறுக்க இறுக்க அமுங்கிட்டேதான் போகும். நடு ஆத்துல எஞ்சின் பேத்துக்கிட்டுப் போச்சுன்னா பின்னாடி முழுசும் தண்ணிதான்."

நான் திருப்பிச் சொன்னதும், "அப்பப் பலகையை அறுத்தெடுத்துட்டுப் புதுசு வச்சுக்குடு. உங்க பட்டறைல செய்ய மாட்டீங்களா?"

தம்பி படகுக்குள் இறங்கினான். தரையில் இருந்த மூடியைத் திறந்து, அடியில் நீளமாக ஓடுகிற கட்டையில் திருப்புளியை வைத்தான். வாழைப்பழத்தில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது. இன்னும் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தான். எல்லாம் அப்படியே.

"அக்கா, பின்பலகை மட்டும்னா நானே செஞ்சு குடுத்துருவேன். இது அடி வரைக்கும் ஊறிப்போச்சு. நீயே மாமாகிட்டச் சொல்லிரு" என்று கீழே பார்த்துக்கொண்டே சொன்னான்.

நானே சொல்ல வேண்டும். எத்தனையோ வருடமாக ஊரார் பேச்சையெல்லாம் அவருக்குத் திருப்பிச் சொன்ன வாய், அப்போது திறக்கவில்லை. மாதேஸ்வரா, இவன் தப்பாகப் பார்த்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். கையில் சூடத் தட்டு. டெம்போக்காரர் மணி பார்க்கிறார். சொல்லாவிட்டால் இவர் எப்படியாவது மாட்டிவிடுவார். மறுநாள் காலையில் அக்கரைக் குழந்தைகள் ஏறுவார்கள்.

"வேண்டாங்க. தாங்காது" என்றேன்.

"என்ன?" என்றார். அவருக்குப் புரிந்திருந்தது, எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

எஞ்சின் வந்த டெம்போவிலேயே திரும்பிப் போனது. தேங்காயை உடைக்கவில்லை. தகட்டை அவர் துணியில் சுற்றி எடுத்து வந்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு. சாமி மாடத்தில் வைக்கட்டுமா என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். வைத்தேன். தினமும் விளக்கேற்றும்போது அதைப் பார்க்கிறேன். என்ன கேட்பது என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

படகு கரையிலேயே கவிழ்ந்து கிடக்கிறது. அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. சில ஞாயிற்றுக்கிழமை என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார். குனிந்து பின்பலகையில் விரல் முட்டியால் தட்டுவார். என் வாயைப் பார்ப்பார்.

"இப்ப எப்படிக் கேக்குது?"

"அப்படியேதானுங்க."

"வெயில்ல காஞ்சிருக்குமே."

"இல்லைங்க."

பிறகு பஸ் பிடித்து வீட்டுக்கு வருவோம்.

மலைக்குப் போய்விட்டு எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் சிலர், சாமி தகடு வழியாக முன்கூட்டியே காட்டிக்கொடுத்து அத்தனை உயிரைக் காப்பாற்றினார் என்கிறார்கள். சிலர், சாமியைத் திருகால் குத்தியதற்கு வந்த தண்டனை என்கிறார்கள். இரண்டையும் நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: திருகு போன வழியில் தண்ணீர் போனது. படகில் சாமி வைக்கிறவர்கள் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் பசையால் ஒட்டுங்கள், பலகையைத் துளைக்காதீர்கள். எஞ்சின் மாற்றுவதற்கு முன்னால் தட்டிப் பாருங்கள், காது கேட்கிற ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

படகு வைத்திருக்கிற வீடு ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அங்கே கொடுங்கள். அற்புதம் என்று கூட்ட வேண்டாம், பாவம் என்றும் கூட்ட வேண்டாம். இருக்கிறபடியே கொடுத்தால் போதும்.