அந்தரத்தில் நின்ற அம்பாசடர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடிகாரக் கடை வைத்திருந்த அபுபக்கர் தாராளமான மனிதர். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கத் தெரியாமல் ரிப்பேர் என்று கொண்டுவருகிறவர்களிடம் கூலி வாங்க மாட்டார். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். காரில் மட்டும் ஐந்தாவது ஆளை ஏற்ற மாட்டார்.

கார் ஒரு வெள்ளை அம்பாசடர். ராஜபாளையம், வத்திராயிருப்பு வட்டாரத்துக் கல்யாணங்களில் அம்பாசடர் என்றால் ஒன்பது பேருக்குக் குறைந்து ஏறினால் வண்டி சும்மா போகிறது என்று நினைக்கிற காலம் அது. அபுபக்கரின் காரில் அவரையும் சேர்த்து நாலு பேர். அதற்கு மேல் ஏறினால் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை படுத்துவிடும் என்பார். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றிலும் அதைச் சொல்லியிருக்கிறார். சில கல்யாணங்களில் மாப்பிள்ளையின் பெயரைவிட அந்த ஸ்பிரிங் பட்டையைப் பற்றிய பேச்சுதான் அதிகம் அடிபட்டது.

பக்கத்து வீட்டு ஐயாதுரை மரக்கடைக்காரர். தேக்குத்தடியைப் போல உடம்பு. கூமாப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, அபுபக்கர் அசந்த நேரம் பார்த்து ஐந்தாவது ஆளாகப் பின் சீட்டில் நுழைந்துவிட்டார். கிருஷ்ணன்கோவில் வந்ததும் அபுபக்கர் வண்டியை நிறுத்தினார். ஐயாதுரையை இறக்கி, டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாகப் பஸ் ஏற்றிவிட்டு, அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஐயாதுரை வழி நெடுக பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

அபுபக்கரின் மச்சினன் அகமது கபீர் ஜித்தாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். தொண்ணூற்று மூன்றில் அந்த ஒர்க்‌ஷாப்பை மூடியபோது, அங்கிருந்த கார் லிஃப்ட் ஒன்றைக் கழற்றிக் கப்பலில் அனுப்பிவைத்தார். மற்றவர் வீட்டுக்கு ஜித்தாவிலிருந்து டேப்ரிக்கார்டரும் செண்டும் வந்தன. அபுபக்கர் வீட்டுக்கு ஒரு லோடு இரும்பு வந்தது. அவர் மனைவி சௌதா, தம்பி தனக்கென்று என்ன அனுப்பியிருக்கிறான் என்று அந்த இரும்புகளுக்கிடையே செத்த நேரம் தேடிப்பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டின் கீழ்த்தளத்தில்தான் கார் ஷெட். மேலே காங்கிரீட் தளம்; அதன்மேல் குடும்பம். லிஃப்டை அங்கே பூட்டினார்கள். வேண்டுமானால் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது அதன் பெருமை. கையால் அடிக்கும் பம்பு உண்டு. அடிக்க அடிக்க நான்கு கைகள் சக்கரங்களை ஒட்டி அச்சுக்கு அடியில் பிடித்து வண்டியைத் தூக்கும். சக்கரங்கள் காற்றில் தொங்கும். வண்டியின் உடம்பு எப்போதும்போல் ஸ்பிரிங்கின்மேல் உட்கார்ந்திருக்கும். விழுந்துவிடாமல் இருக்க, ஏற ஏற ஒரு கொக்கி பல் பல்லாக மாட்டிக்கொண்டே வரும்.

லிஃப்டின் பக்கவாட்டில் அரபியில் ஒரு தகடு. அபுபக்கர் அதை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, ஒரு பிழையில்லாமல் வாசித்தார். சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவர்கள் உச்சரிப்பைத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அர்த்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். மாடிப்படியில் நின்ற சௌதா சத்தம் கேட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். லிஃப்டுக்கு நல்ல தொடக்கம் கிடைத்ததாக எல்லோருக்கும் திருப்தி.

அபுபக்கரின் அக்கா ரஹ்மத் பீவிக்கு ஒரே மகள், ஹாஜரா. மாப்பிள்ளை ராஜபாளையம். பகலில் நிக்காஹ் முடிந்து சாயங்காலம் பெண்ணைத் தாய்மாமனின் காரில்தான் அனுப்ப வேண்டும் என்பது பேச்சு. அக்கா கேட்டதல்ல, தகப்பன் இல்லாத பிள்ளை வேறு வண்டியில் வாசல் தாண்டக் கூடாது என்று அபுபக்கரே ஊரறியச் சொன்னது. மாப்பிள்ளை வீட்டில் புது மாருதி வேன் இருந்தது. அது வேண்டாம் என்று சொல்லியனுப்பியதும் அவர்தான்.

கல்யாணத்தன்று காலையில், காரின் அடிப்பக்கத்தில் சேறு இருப்பது அபுபக்கருக்கு நினைவு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. யாரும் பார்க்காத இடம் சுத்தமாக இருந்தால்தான் வண்டி சுத்தம் என்பது அவர் கட்சி. பம்பை அடித்தார். கார் ஏறியது. நின்றுகொண்டே கழுவலாமே என்று இன்னும் அடித்தார். 'டொக்' என்று ஒரு சத்தம். காரின் கூரை காங்கிரீட்டை முட்டி நின்றது.

அதனால் ஒன்றும் மோசமில்லை, கழுவிவிட்டு இறக்கிக்கொள்ளலாம் என்று பாதி கழுவினார். இறக்கப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வண்டியின் மொத்தப் பாரமும் கொக்கியின்மேல் இருந்தது. பாரம் விலகினால்தான் கொக்கி கழலும்; பாரம் விலக வண்டி இன்னும் ஒரு விரல்கடை மேலே போக வேண்டும். மேலே இடமில்லை. கீழே இறங்குவதற்கு ஏற வேண்டும், ஏறுவதற்கு வழியில்லை.

மதியத்துக்குள் செய்தி கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது. ஒருவர் கொக்கியை அறுக்கலாம் என்றார். ஒருவர் தளத்தை இடிக்கலாம் என்றார். அவர் பெண்ணுக்குத் தூரத்துச் சொந்தம், வேறு தெருவில் குடியிருப்பவர். பந்தி முடிந்ததும் அக்காவே வந்து, அந்தரத்தில் நின்ற காரை அண்ணாந்து பார்த்தார்.

"ஏலே, வேனுக்குச் சொல்லியனுப்பவா?"

அபுபக்கர் கழுவின பாதியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாடிப்படியில் நின்ற சௌதாவுக்குக் கல்யாணத்துக்கு உடுத்திய பட்டுச் சேலையோடு அங்கே நிற்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல். "ஊரு உலகமெல்லாம் ஏறினா பட்டை படுத்துரும், பட்டை படுத்துரும்னு கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லுதீகள்ல," என்றார். "இப்பப் படுக்கட்டும். ஏத்துங்க."

அபுபக்கர் துடைப்பதை நிறுத்தினார். ஆள் ஏறினால் பட்டை அமுங்கும். அமுங்கினால் காரின் கூரை தாழும். தாழ்ந்தால் மேலே இடம் கிடைக்கும். அதுவரை வாழ்நாள் முழுக்கத் தான் சொல்லி வந்த ஒன்று உண்மையாக இருந்துவிடாதா என்று அவர் முதல்முறையாக ஆசைப்பட்டார்.

தெருவில் எடையுள்ளவர் யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஐயாதுரை வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அண்ணாச்சி, செத்த வந்து கார்ல ஏறணுமே."

"எத்தனாவது ஆளா பாய்?"

"மொத ஆளா."

ஐயாதுரை சட்டைக் கையை மடித்துவிட்டார். "ஏறுதேன். ஆனா பொறவு எறங்கச் சொல்லக் கூடாது. ராஜபாளையம் வரைக்கும் எறங்க மாட்டேன்."

அபுபக்கர் அக்காவைப் பார்த்தார். அக்கா காரைப் பார்த்தார். "வாங்க அண்ணாச்சி," என்றார் அபுபக்கர்.

ஏணி வந்தது. ஐயாதுரை ஏறினார், பூக்கட்ட வந்திருந்த கருத்தம்மா ஏறினார், பிரியாணி சமைத்த அல்லா பிச்சை கரண்டியை வைத்துவிட்டு ஏறினார். ஏற்கெனவே எப்போதாவது இந்தக் காரில் இடம் மறுக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் அன்று அழைப்பு இருந்தது. டிக்கியில் இரண்டு பேர். ஒவ்வொருவர் ஏறும்போதும் கார் முனகியது. அபுபக்கருக்குப் பிள்ளையை அடிப்பது போலிருந்தது. இருந்தாலும் இன்னொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் கூரைக்கும் தளத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பம்பை ஒரே ஓர் அடி அடித்தார். கொக்கி கழன்றது. வால்வைத் திறந்ததும் கார், உள்ளே அத்தனை பேரோடும், மெதுவாகத் தரைக்கு வந்தது.

கதவு திறந்து எல்லோரும் இறங்கினார்கள், ஒருவரைத் தவிர.

ஐயாதுரை இறங்காததைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் யோசித்தார்கள். ஹாஜரா புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டபோது, மணமக்களோடும் அபுபக்கரோடும் சேர்த்துக் காரில் ஒன்பது பேர். ராஜபாளையம் வரை அவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனித்தனியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று அக்கா வரச்சொல்லியிருந்த மாருதி வேன் பின்னால் காலியாக வந்தது. பட்டை உடையவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜித்தாவிலேயே வேறு வேலைக்கு மாறி, அடுத்த லீவில் வந்த கபீரிடம் தகட்டைக் காட்டி அர்த்தம் கேட்டார். தூக்குவதற்கு முன் மேலே பார்க்கவும் என்று போட்டிருப்பதாகக் கபீர் சொன்னார். அபுபக்கர் அதை இன்னொரு முறை நீட்டி, நிறுத்தி வாசித்தார். இப்போது அவ்வளவு இனிமையாக இல்லை என்று சௌதா அபிப்பிராயப்பட்டார்.

அதன் பிறகும் லிஃப்டை அவர் விடவில்லை. மாதம் ஒருமுறை காரைத் தூக்கி அடியில் கழுவினார். ஆனால் பம்பில் கை வைப்பதற்கு முன், ஐயாதுரை வீட்டில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.