உங்களுக்கு எந்த மலை சரிப்படும்?

மலையேற்றக் கம்பெனியின் மூன்றாவது மாடி அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கேள்விக்கார அக்கா. மலைக்குப் போக விண்ணப்பம் போட்டவர்களுக்கெல்லாம் போன் போட்டு ஏழெட்டுக் கேள்வி கேட்பது அவள் வேலை. பதிலை வைத்து, ஆளுக்குத் தகுந்த மலையைப் பெயருக்கு எதிரே எழுதுவாள். முதல் தடவை வருகிறவர்களுக்கு மலைமேல் ஏரி வரைக்கும் போய்வரும் ஏரி நடை. அதில் தாக்குப்பிடித்தவர்களுக்கு முகடு. அப்புறம் கணவாய். கடைசியில்தான், ஆறாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் பெரிய சிகரம். வருஷத்துக்கு ஒரு படி. யார் கெஞ்சினாலும், தலைகீழாக நின்றாலும், அந்த வரிசை மாறாது.

அவள் ஏறிய ஒரே மலை அந்த மூன்று மாடிதான். மூட்டுவலிக்காரி. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கி, படிக்கட்டைக் கட்டிய மகராசனை நாலு வார்த்தை திட்டிவிட்டு மீதியை ஏறுவாள். ஆனால் மலையிலிருந்து திரும்பி வந்தவர்களைப் பதினொரு வருஷமாக எதிரில் உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்டவள். மேலே என்ன நடக்கும், உடம்பு எந்த இடத்தில் மக்கர் பண்ணும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"எவ்வளவு உயரம் போயிருக்கீங்க?" என்று கேட்டால் ஒருத்தர் விடாமல் நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு என்று அளப்பார்கள். கிண்டிப் பார்த்தால் காரில் போய் இறங்கி, போட்டோ எடுத்து, டீ குடித்துவிட்டுக் காரிலேயே திரும்பிய கதையாக இருக்கும். அதனால் அந்தக் கேள்வியையே அவள் தூக்கிவிட்டாள். "ராத்திரி எங்க படுத்தீங்க?" என்றுதான் தொடங்குவாள். ஏறிய உயரத்தில் யாரும் பொய் சொல்லலாம், படுத்த உயரத்தில் சொல்ல முடியாது. "தண்ணி பாட்டிலை ராத்திரி எப்படி வச்சீங்க?" என்பது அடுத்தது. மேலே படுத்தவர்கள் தலைகீழாக வைத்தோம் என்பார்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும். கவிழ்த்து வைத்தால் மூடிப் பக்கம் அடைக்காது. "மூணாம் நாள் சாப்பாடு எப்படி?" என்றும் கேட்பாள். பிரமாதம் என்று சொல்கிறவன் போகவே இல்லை. அந்த உயரத்தில் பசி செத்துப்போகும்.

ஒரு வங்கி மேனேஜர் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்ததாகச் சொன்னார். "கூடாரத்துல ஃப்ரிட்ஜா சார்? கரன்ட் எங்கேருந்து வந்துச்சு?" என்றாள். அவர் கோபித்துக்கொண்டு முதலாளி வரைக்கும் போனார். கடைசியில் ஏரி நடைக்குத்தான் அனுப்பினார்கள். அங்கேயே இரண்டு நாள் வாந்தி எடுத்துவிட்டு வந்து, அக்கா உங்க கால்ல விழணும் என்றார். பொய் என்றால் போனிலேயே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். அவள் எழுதிய மலையில் பதினொரு வருஷத்தில் ஒரு உயிர் போனதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

மூட்டுவலிக்காக வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பேச அனுமதி வாங்கியிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் தம்பி. அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். கடைக்குப் போகும் முன் அக்கம்பக்கத்தார் கண்ணாடிகளுக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருப்பான். அவள் போனில் கேள்வி கேட்கும்போதெல்லாம் அவன் எதிரில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வாயசைத்துச் சரியான பதிலைச் சொல்வான். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "எந்திரிச்சுப் போடா" என்பாள். எத்தனை வருஷ விளையாட்டு அது! அதில் வினை இருக்கிறதென்று யார் கண்டார்கள்?

அம்மா போனபோது அவளுக்குப் பதினேழு, அவனுக்கு ஒன்பது. அப்பா வேலை வேலை என்று ஊர் ஊராகப் போய், ஒரு கட்டத்தில் திரும்பி வருவதை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து அவனுக்கு எது சரிப்படும், எது சரிப்படாது என்பதை அவள்தான் முடிவு செய்தாள். கப்பலில் வேலைக்குப் போகிறேன் என்றான். உனக்குக் குமட்டும், சரிப்படாது என்று கண்ணாடிக் கடையில் சேர்த்துவிட்டாள். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றான். பெரிய குடும்பம், உன்னால் ஈடுகொடுக்க முடியாது என்றாள். எல்லாவற்றுக்கும் அவன் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தான்: "நீ சொன்னா சரிதான்க்கா." சிரித்துக்கொண்டேதான் சொல்வான். நாற்பத்து நாலு வயதாகிவிட்டது. மலை ஆசையும் வந்தது. ஏரி நடைக்கு இரண்டு தடவை அனுப்பினாள். முகட்டுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். அடுத்த வருஷமும் அதையே சொன்னாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. பயம்தான், வேறென்ன.

இந்த வருஷம் அவளுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் வீட்டோடு இருக்கவேண்டும், குனியக்கூடாது, படியேறக்கூடாது. பத்து நாள் தம்பிதான் சொட்டு மருந்து விட்டான், சமைத்தான், தலை வாரிக்கூட விட்டான். அப்புறம், லென்ஸ் கம்பெனிக்காரர்கள் வெளியூரில் பயிற்சி வைத்திருக்கிறார்கள், போகாவிட்டால் கடை முதலாளி குதிப்பார் என்றான். மாடிவீட்டு அம்மாவிடம் அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். வாசல் வரை போனவன் திரும்பி வந்து, கண்ணைத் தேய்க்காதே என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் கிளம்பிய ஆறாம் நாள் மத்தியானம் வரவேற்பு மேஜைப் பெண் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள். அக்கா இல்லாத ஒரு மாதம் கேள்வி கேட்கும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது.

"அக்கா, நீங்க வந்து பாக்கணும், எவ்வளவு கரெக்டா ஆளெடுத்திருக்கேன்னு. பெரிய சிகரத்துக்குக் கடைசி நேரத்துல ஒரு இடம் காலியாச்சு. ஒருத்தர் கூப்பிட்டாரு. நீங்க எழுதிக் கொடுத்த கேள்வி ஒண்ணு விடல. வேற கம்பெனியோட போய்க் கணவாயில படுத்தேன்னாரு. பாட்டிலைக் கவுத்து வச்சேன்னாரு. மூணாம் நாள் எதுவும் இறங்கல, எலுமிச்சம்பழத்தை மட்டும் சப்பிக்கிட்டிருந்தேன்னாரு!"

எலுமிச்சம்பழம் என்றதும் கேள்விக்கார அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது யாரோ ஒரு மலையேறி அவளிடம் சொன்னது. சிரித்துச் சிரித்து வீட்டில் ஒரே ஒரு ஆளிடம்தான் அதைச் சொல்லியிருந்தாள்.

"அவர் என்ன வேலை பாக்கறாரு?"

"கண்ணாடிக் கடையிலன்னு போட்டிருக்கு. ஏங்க்கா, தெரிஞ்சவரா?"

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவன் பெயர் அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஏரி நடைப் பட்டியலில்கூட அக்காவின் தம்பி என்றுதான் எழுதியிருந்தது.

குழு அப்போது நடு முகாமில் இருந்தது. மறுநாள் அங்கே ஓய்வு, அதற்கடுத்த நாள் மேல் முகாமுக்கு ஏற்றம். வழிகாட்டி தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் செயற்கைக்கோள் போனைத் திறந்து வைப்பார். அவருடைய மீசையைப் பார்த்தவர்கள் அவரை மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து மணி அடிக்கும் வரை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்துக்கு எண்ணை அழுத்தி, தம்பியைக் கூப்பிடுங்கள் என்றாள்.

காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"அக்கா, திட்டாத."

"கண்ணைக் கட்டிக்கிட்டுக் கிடக்கிறவள ஏமாத்திட்டுப் போயிருக்க. திட்டாம கொஞ்சவா?"

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எலுமிச்சம்பழம்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. குளிரில் தொண்டை கட்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்றான். அவள் கேட்க ஆரம்பித்தாள். தலைவலி? நேத்து லேசா இருந்துச்சு, இன்னிக்கு இல்ல. தூக்கம்? விட்டு விட்டுத்தான். சாப்பாடு? பிடிக்கல, ஆனா கட்டாயப்படுத்திச் சாப்பிட்டேன். தண்ணி? மூணு லிட்டர். ரொம்ப நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே இருந்தன பதில்கள். வேறு யார் பொய் சொன்னாலும் பிடித்துவிடுவாள். இவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவளிடமே பாடம் படித்தவன். உண்மையா பொய்யா என்று பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தெரியவில்லை.

"மீசைகிட்ட சொல்லி என்னை இறக்கப் போறியா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஒரே ஒரு தடவை விட்டுடேன்க்கா. நீ சொன்ன எதையாவது நான் மீறியிருக்கேனா?"

"போனை அவர்கிட்ட குடு."

"நம்ம தம்பியா இவரு? வாயே திறக்கலியே!" என்றார் மீசை. "நல்லா நடக்கிறாரு, முதல் ஆளா நிக்கிறாரு. விரல்ல ஆக்சிஜன் மீட்டர் மாட்டிப் பாத்தேன், எல்லாருக்கும் இருக்கிற அளவுதான். ஏதாவது சொல்லணுமாக்கா?"

உடம்பு முடியாததை மறைக்கத்தான் சிலர் முதல் ஆளாக நடப்பார்கள், அவர்களைத்தான் கவனிக்கவேண்டும் என்று வழிகாட்டிகளுக்கே வகுப்பெடுத்தவள் அவள். இவனை இறக்குங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கப்பல் நினைவுக்கு வந்தது, அந்தப் பெண்ணும் நினைவுக்கு வந்தாள்.

"பாத்துக்குங்க. நாளைக்கு இதே நேரம் கூப்பிட்டு முடிவைச் சொல்றேன். அவன்கிட்டயும் சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் முழுக்கத் தன்னோடு சண்டை போட்டாள். கூப்பிட்டால் அந்த இருமல் காதில் விழும். விழுந்தால் இறங்கு என்று சொல்லிவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். இவன் என்ன குழந்தையா? பக்கத்திலேயே மீசை இருக்கிறார், முப்பது வருஷ அனுபவம். மற்றவர்களெல்லாம் போகவில்லையா? வாழ்நாளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் என்ன? ஐந்து மணிக்குப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி எண்ணை அழுத்தினாள். வைத்துவிட்டு, எழுந்து மாடிவீட்டு அம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என் தம்பி பெரிய சிகரத்துக்குப் போயிருக்கான் தெரியுமா?" என்றாள். டாக்டர் ஏறக்கூடாது என்ற படியை ஏறிப்போய்ச் சொன்னாள். அவன் விஷயத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. சிகரத்திலிருந்து இறங்கி வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடவேண்டும் என்றுகூடப் பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் முதலாளி வரவேற்புப் பெண்ணோடு வீட்டுக்கு வந்தார். அவர் யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை. கதவைத் திறந்த கேள்விக்கார அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கானா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேல் முகாமில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததுமே தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. மூன்று நாளாகத் தலைவலி மாத்திரையை ஒளித்து ஒளித்துப் போட்டுக்கொண்டிருந்தான் என்று கூடாரத்தில் உடன் படுத்தவர் அப்புறம்தான் சொன்னார்.

யாரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கம்பெனியில் விசாரணை நடந்தது. பொய்த் தகவல் கொடுத்துச் சேர்ந்தவர் என்று எழுதி முடித்தார்கள். நீங்க என்னக்கா பண்ணுவீங்க என்று வரவேற்புப் பெண் அழுதாள். எல்லாவற்றுக்கும் அக்கா தலையாட்டினாள். கண் ஆறும் வரை அழக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவளால் கேட்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து மீசை வீட்டுக்கு வந்தார். குளிரில் உதடெல்லாம் வெடித்திருந்தது. சாப்பாட்டு மேஜையில், தம்பியின் நாற்காலி என்று தெரியாமல் அதிலேயே உட்கார்ந்தார். அவள் அவரை எழுப்பவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அவன் கடைசியா நல்லாப் பேசினது எப்போ?" என்றாள்.

"நடு முகாம்ல, அந்த ஓய்வு நாள் அன்னிக்கு" என்றார் மீசை. "சாயங்காலம் அஞ்சு மணிக்கே போனை வாங்கி மடியில வச்சுக்கிட்டு வெளிய உட்கார்ந்துட்டாரு. பையையும் கட்டிப் பக்கத்துல வச்சிருந்தாரு. எதுக்கு இப்பவே பையைக் கட்டினீங்கன்னு கேட்டேன். 'அக்கா இப்ப கூப்பிடுவா, இறங்குன்னுதான் சொல்லுவா, அவ சொன்னதும் கிளம்பணும்ல'ன்னாரு. முகத்துல வருத்தமே இல்லக்கா. எப்படா கூப்பிடுவீங்கன்னு இருந்தமாதிரிதான் எனக்குப் பட்டுச்சு. உடம்புக்கு முடியலையான்னு கேட்டேன், அதெல்லாம் இல்லைன்னுட்டாரு. ஆறரை வரைக்கும் உட்கார்ந்திருந்தாரு. அப்புறம் எழுந்து வந்து போனைக் குடுத்தாரு. 'அக்கா கூப்பிடல. அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு'ன்னாரு."

அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நான் வேணும்னுதான் கூப்பிடல" என்றாள்.

மீசைக்குப் புரியவில்லை. "ஏங்க்கா?"

"அவன் ஆசைப்பட்டானேன்னு."