நக்கோவுக்குப் பதினேழு அர்த்தம்

பத்மநாபனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. அதுவும் தமிழ் இல்லை. மூன்று தலைமுறையாக ஹைதராபாத் மல்காஜ்கிரியில் தமிழ் பேசிய குடும்பம். முப்பத்தாறு வருஷம் கூட்ஸ் வண்டி ஓட்டிய மனுஷர். அவருக்கு மிச்சமானது 'நக்கோ'. வேண்டாம் என்பதற்கு அந்த ஊரில் தெருவெல்லாம் சொல்வது. ஆட்டோக்காரரிடம் பேரம் பேச மட்டும் அவர் வைத்திருந்த சொல். அது மட்டும் ஏன் தங்கியது என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

முதல் மாதம் மனைவி அலமு அழுதே தீர்த்தாள். தட்டை வைத்தாலும் நக்கோ, எடுத்தாலும் நக்கோ. பிறகு காது பழகியது. குரல் இறங்கி வந்தால் தண்ணீர். இழுத்துச் சொன்னால் பக்கத்தில் வந்து உட்கார். இரண்டு தரம் அடுக்கினால் இன்னொரு கரண்டி சட்னி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் தோள்வலி. டிவியில் யாராவது அசட்டுத்தனமாகப் பேசினாலும் ஒரு நக்கோ உண்டு, அது வசவு. இரண்டே வருஷத்தில் கரண்ட் போனால் அலமுவே "நக்கோ" என்று சொல்லிச் சிரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

இப்போது அவளுக்கு முழங்கால் ஆபரேஷன். இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று; இனித் தள்ளினால் நடையே போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் பத்து நாள். பெங்களூரிலிருந்து வந்த மகன் ராஜீவ், அப்பாவைப் பார்த்துக்கொள்ள சபீனா என்ற தமிழ் தெரிந்த பெண்ணை அமர்த்தினான்.

அலமுவுக்குக் கவலை வந்தது. இந்த ஊரிலேயே வளர்ந்த பெண், நக்கோ என்றால் நக்கோ என்று நம்பி, தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளே. மனுஷர் பத்து நாளும் பட்டினி கிடப்பாரே. கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, எந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று வரிசையாக எழுதினாள். பதினேழு வந்தது.

சபீனா வந்ததும் நோட்டை மரியாதையாகப் படித்தாள். படித்து முடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். மதியம் தட்டோடு அவர் எதிரே போய் நின்று, கையை உயர்த்தி, "ரசம் சாதம்" என்று உரக்கச் சொன்னாள். ஊட்டவில்லை. காத்திருந்தாள்.

பத்மநாபனின் இடது கை மெல்ல எழுந்தது. அந்த ஒரு கைதான் அவருக்கு வேலை செய்யும். அடுத்து "தயிர் சாதம்" என்றாள். கை எழவில்லை. சபீனா கிண்ணத்தை மூடி வைத்தாள்.

"இது என்ன வித்தை?" என்றாள் அலமு. சபீனா விளக்கினாள். அவள் அப்பாவும் ரயில் எஞ்சினில் உதவி டிரைவராக இருந்தவராம். சிக்னல் தெரிந்ததும் ஒருவர் கை தூக்கி அதன் நிறத்தைக் கூவ வேண்டும். மற்றவர் தன் கண்ணால் பார்த்து, தானும் கை தூக்கித் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவரை எதுவும் முடிவில்லை.

"எங்க அத்தா ஸ்கூட்டர்ல போனாக்கூட சிக்னலுக்குக் கை தூக்குவாரும்மா. இவங்களுக்கெல்லாம் அது ரத்தத்துல ஊறினது."

அலமுவுக்குப் பொறாமையாக இருந்தது. எஞ்சின்காரருக்கு அத்தனை வருஷம் சோறு கட்டிக் கொடுத்தவள், எஞ்சினுக்குள் என்ன நடக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஊமையின் பாஷை தனக்குத்தான் தெரியும் என்று மிதப்பாக வேறு இருந்தாள். அந்தப் பதினேழில் எத்தனை அவர் சொன்னது, எத்தனை தானாக முடிவு கட்டியது என்று நினைத்தபோது மனசு சுருக்கென்றது.

கிளம்பும் நாள் வந்தது. வாசலில் ராஜீவ் காரோடு நின்றான். அலமு பையை எடுத்ததும் பத்மநாபன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நக்கோ."

இழுக்கவில்லை, அடுக்கவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. தண்ணியா, தோளா என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். பதினேழும் எழுதியவள், வேண்டாம் என்ற அர்த்தத்தை நோட்டில் எழுதவே இல்லை.

பையைக் கீழே வைத்து, அவர் கண்ணெதிரே கையை உயர்த்தினாள்.

"பத்து நாள். வந்துடுவேன்."

காத்திருந்தாள். ராஜீவ் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அவள் கையை இறக்கவில்லை. பத்மநாபன் அவளையே பார்த்தார். அவருக்கு இருப்பதோ ஒரு கை. அதுதான் தலைப்பைப் பிடித்திருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் தலைப்பை விட்டார். கை எழுந்தது.