கேட் தூணின் பந்து

எட்டாம் வகுப்பில் எங்கள் டெக்னிக்கல் ஸ்கூலில் ஐசோமெட்ரிக் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். சதுரத் தூண், அதன் மேல் பலகைக்கல், அதற்கும் மேல் ஓர் உருண்டை. மூன்றையும் சேர்த்து மூலையிலிருந்து பார்ப்பதுபோல வரைய வேண்டும். இந்த முறையில் தூணும் பலகையும் கொஞ்சம் சுருங்கும். உருண்டை மட்டும் சுருங்காது. அதனால் பந்து பலகைக்குள் அமிழ்ந்ததுபோலத் தெரியும். அப்படித் தெரிந்தால்தான் படம் சரி. வகுப்பில் எனக்கு மட்டுமே அது புரிந்தது. தலைக்கனம் சும்மா வருமா?

அப்பாவுக்குப் புரியவில்லை. எருத்தேன்பதியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ப் படிப்பது இதைத்தானா என்று படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பந்து முழுகிக் கெடக்குது. அடுத்த வருசம் உள்ளூர் ஸ்கூல்லயே சேந்துக்கோ கண்ணு."

நான் சோறு உண்ணாமல் அழுதேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டு கேட் தூணைக் கட்டிக்கொண்டிருந்தவர் அம்மாவின் தம்பி. மாமா நல்ல கொத்தனார். நான் அழுத காரணத்தைக் கேட்டு, என் படத்தை வாங்கிப் பார்த்தார். மறுநாள் தூணின் தலையில் வட்டமாக ஒரு குழி விட்டு, கான்கிரீட் பந்தை அதற்குள் இறக்கிப் பூசிவிட்டார்.

"பாப்பா படத்துல இருக்கறபடிதானுங்க மச்சான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. படத்தில்தான் அது அமிழ்ந்து தெரியும். நிஜத்தில் பந்து பலகையைத் தொட்டுக்கொண்டு மேலேதான் இருக்கும். இதுகூடத் தெரியவில்லையே மாமாவுக்கு என்று நினைத்தேன்.

ஆடியில் தேங்காய் ஏற்ற வந்த லாரி எங்கள் சந்தில் திரும்ப முடியாமல், பின்னால் வந்து எதிர்வீட்டுத் தூணில் இடித்தது. அதன் பந்து பெயர்ந்து உருண்டு எங்கள் வாசலில் வந்து நின்றது. பதறிய டிரைவர் முன்னால் எடுத்து எங்கள் தூணிலும் ஒரு இடி இடித்தார். தூண் அதிர்ந்தது, பூச்சு உதிர்ந்தது. பந்து அசையவே இல்லை.

தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் எங்கள் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, இது ஆரு போட்ட பிளானுங்க?"

அப்பா என் தோளில் கை வைத்தார். "நம்ம பாப்பாதானுங்க. டெக்னிக்கல் ஸ்கூல்ல படிக்குதுங்க."

அன்று நான் தரையில் நடக்கவில்லை. உள்ளூர் ஸ்கூல் பேச்சும் அதோடு போயிற்று.

போன வருடம் கொல்லங்கோட்டுப் பக்கம் ரோடு அகலப்படுத்தும் வேலைக்கு நான்தான் இன்ஜினியர். நான் பிறப்பதற்கு முன் மாமா கட்டிய இரண்டு கேட் தூண்களை இடிக்க வேண்டியிருந்தது. பந்தைப் பெயர்த்தார்கள். அடியில் வட்டமாக ஒரு குழி. அடுத்த தூணிலும் அதே குழி.

மாமா எப்போதும் அப்படித்தான் கட்டிவந்திருக்கிறார். அப்பாவிடம் அன்றைக்கு மட்டும் ஏன் என் படத்தைச் சொன்னார் என்பது, அவரைப் பார்த்து மனதுக்குள் சிரித்த அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.