பாம்புச்செவிக்காரர்

அந்த மோட்டார் தொழிற்சாலையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவர் பாம்புச்செவி. இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், நாற்பது மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்த கூடத்தின் வாசலில் நின்றபடியே, கடைசி வரிசையில் ஒன்றுக்குப் பேரிங் போயிருக்கிறது என்று சொன்னாராம். அவர் கை காட்டிய மோட்டாரைப் பிரித்தால் அப்படியே இருந்ததாம். நாற்பதா, பதினான்கா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அவரும் திருத்தவில்லை. நல்ல பெயர் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டால் அதை உரித்துப்போட யாருக்குத்தான் மனசு வரும்?

அந்தப் பாம்புச்செவிக்குத்தான் ஐந்து வருடமாகக் காது கேட்கவில்லை.

ஒரேயடியாகப் போய்விடவில்லை. முதலில் மெல்லிய குரல்கள் போயின. பிறகு முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் போனார்கள். கடைசியில், முகத்துக்கு நேராக நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதி, ஊகத்தில் பாதி என்று ஆயிற்று. வாழ்நாள் முழுக்க இரைச்சலுக்குள் நின்றவன் காது வேறெப்படிப் போகும்? இதில் வெட்கப்பட எள்ளளவும் ஒன்றுமில்லை. ஆனால் பெயர் பாம்புச்செவியாயிற்றே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தார். மறைத்தும் விட்டார், அதுதான் கேடு.

ஓடும் மோட்டார்மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது அந்த வேலையின் வழக்கம். அவரும் காதில்தான் வைப்பார். ஆனால் கேட்டதெல்லாம் கட்டைவிரல். கைப்பிடியில் ஓடும் நடுக்கத்தை வைத்தே பேரிங் சரியா, தண்டு கோணலா என்று சொல்லிவிடுவார். ஐந்து வருடத்தில் ஒரு மோட்டார்கூடத் தப்பாகப் போனதில்லை. காது இல்லாமலேயே அவர் அந்த வேலைக்குப் போதுமானவராக இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. சோதனை மேடைக்கும் ஸ்விட்ச் பலகைக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தகடு. ஸ்விட்ச் பக்கம் பாம்புச்செவி, மேடைப் பக்கம் வயர்மேன் சுருட்டை. தலையில் ஒரு மயிர்கூட மிச்சமில்லாவிட்டாலும் சின்ன வயதில் வைத்த பெயர் போகவில்லை. அவர் மோட்டாருக்கு வயர் கொடுத்து, பெல்ட்டை மாட்டி, மஞ்சள் கோட்டுக்கு வெளியே குதித்து, "விலகியாச்சு!" என்று கத்த வேண்டும். இவர் "போடுறேன்!" என்று பதில் சொல்லி ஸ்விட்சைப் போட வேண்டும். பதினைந்து வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்த வேலை. குரல் கேட்காமல் போனதும் பாம்புச்செவி காலை நம்ப ஆரம்பித்தார். தரை மரப்பலகை. சுருட்டை கனத்த சரீரம். இரண்டு காலும் சேர்ந்து விழுந்தால் பலகை அதிரும், உள்ளங்காலில் தெரியும். தொழிற்சாலை கொடுத்த தடித்த பூட்ஸில் அது தெரியாது என்பதால், காலில் ஆணி என்று பொய் சொல்லித் தேய்ந்த பழைய செருப்பிலேயே வந்தார்.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல். நண்பர்கள் சிரித்தால் அரை நொடி பிந்திச் சிரித்தார். கேள்வி எதுவென்று தெரியாவிட்டால் "பார்க்கலாம்" என்றார். பேச்சு நீண்டால் கோபப்பட்டார். கோபக்காரனிடம் யாரும் இரண்டாம் முறை பேசுவதில்லை. வெளியூரில் இருந்த மகள் போன் செய்தால், "அம்மாகிட்ட பேசு" என்று நீட்டிவிடுவார். தன் கல்யாணத்தில் அப்பாவுக்கு இன்னும் மனத்தாங்கல் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "என்ன சொன்ன?" என்ற இரண்டு சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து வரவிடவில்லை. அதைக் கேட்டுவிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று பயம்.

உடம்பு சும்மா இருக்குமா? கழுத்து மரக்கட்டையாக இறுகியது. தூக்கம் போயிற்று. ரத்த அழுத்தம் ஏறியது. "மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே கேட்டார். இவர், "காலையில ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு" என்று மாத்திரைக் கணக்குச் சொன்னார். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு மாத்திரை எழுதினார்.

விபத்து ஒரு முற்பகலில் நடந்தது. தகட்டுக்கு அந்தப் பக்கம் சுருட்டை பெல்ட்டை மாட்டிவிட்டு, அது கொஞ்சம் விலகியிருப்பதைக் கண்டு மறுபடி கை வைத்தார். "பொறு, பெல்ட்டு சரியில்ல!" என்று கத்தவும் செய்தார். அதே நேரம் பக்கத்து வரிசையில் தள்ளுவண்டியிலிருந்து ஓர் இரும்பு மூடி சரிந்து விழுந்தது. பலகை அதிர்ந்தது. பாம்புச்செவியின் உள்ளங்கால், சுருட்டை குதித்துவிட்டான் என்றது.

"போடுறேன்!" என்றார். போட்டார்.

அலறல் அவருக்குக் கேட்கவில்லை. நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவரும் அதிர்வுதான் காலுக்குத் தெரிந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தகட்டைச் சுற்றி ஓடினார். சுருட்டையின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

மறுநாள் சூப்பர்வைசர் ஒரு தாளோடு வந்தார். வயர்மேன் கோட்டைத் தாண்டாமலேயே 'விலகியாச்சு' என்று குரல் கொடுத்துவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது.

"பொறுன்னு கத்தினேன்னு சுருட்டை சொல்றான். யார் நம்புவா?" என்றார் சூப்பர்வைசர், நேருக்கு நேர் நின்று. "குண்டூசி விழுந்தாக்கூட உங்களுக்குக் கேட்கும். ஊருக்கே தெரியும். அவன் அவசரப்பட்டுட்டான், அவ்வளவுதான். ஒரு கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்து விழுந்தால் தப்பு சுருட்டையுடையது. விரலும் போய் வேலையும் போய் அவர் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். பாம்புச்செவிக்கு அப்போதுதான் உறைத்தது: தன்னுடைய அந்தப் பாழாய்ப்போன பெயர்தான் இப்போது சாட்சிக் கூண்டில் நிற்கிறது, அதுவும் நண்பனுக்கு எதிராக. "நாளைக்குப் போடறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டுத் திருப்பி, நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்தார்.

"எனக்குக் காது கேக்கல. அஞ்சு வருஷமாச்சு."

முதலில் அவள் நம்பவில்லை. பிறகு அவள் முகத்தில் என்னவோ கணக்கு ஓடியது. உதடுகள் மெதுவாக அசைந்தன. அவர் ஒரு சொல் விடாமல் பார்த்தார்.

"மூணு வருஷம் முன்னாடி, நீங்க வாசல்ல குனிஞ்சு செருப்பு மாட்டிக்கிட்டிருந்தீங்க. பின்னால நின்னு சொன்னேன். மார்புல கட்டி மாதிரி இருக்கு, பயமா இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்கன்னு. நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல. போயிட்டீங்க."

அவர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"தனியாத்தான் போனேன். பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அதையும் உங்க முதுகுகிட்டதான் வந்து சொன்னேன். செவிடன் காதுல ஊதின சங்குன்னு வாய்ல வந்துச்சு, திட்டிக்கிட்டேன். இந்த மனுஷனுக்கு நான் இருந்தா என்ன, செத்தா என்னன்னு அன்னிக்கே மனசு விட்டுப்போச்சு."

அவர் தேம்பித் தேம்பி அழுதார். அவள் அந்தக் கண்ணீரைத் துடைக்கவில்லை, தோளைத் தொடவுமில்லை. மூன்று வருடக் கசப்பு ஒரு நிமிடத்தில் கரையுமா என்ன? கடைசியில் அவர் முகத்தை நிமிர்த்தித் தன்னைப் பார்க்க வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சுருட்டை பொண்டாட்டிக்கு என்ன சொல்லப் போறீங்க?"

மறுநாள் மேனேஜர் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். "அவன் கத்தியிருப்பான். எனக்குத்தான் கேக்கல. எனக்குக் காதே கேக்காது" என்றார் பாம்புச்செவி. முதலில் மேனேஜர் சிரித்தார், பிறகு மற்றவர்கள் சிரித்தார்கள். சிநேகிதனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாராம். ஐந்து வருடப் பொய்யை நம்பியவர்கள் ஒரு நிமிட உண்மையை நம்ப மறுத்தார்கள்.

"நான் சுவரைப் பார்த்து நிக்கிறேன். என்ன வேணும்னாலும் சொல்லுங்க" என்று சொல்லித் திரும்பி நின்றார்.

சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்த ஆணியின் ஓட்டை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் யாராவது பேசினார்களா, திட்டினார்களா, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா, எதுவும் தெரியவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கை தோளைத் தொட்டது. திரும்பினால் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அந்த வாரமே வேலை போயிற்று. இருபத்தாறு வருடம் தூக்கிப் பிடித்த பெயரும் போயிற்று. பாம்புச்செவி இப்போது தெருவில் 'டமாரச் செவிடு'. சுருட்டைக்கு ஸ்டோர் ரூமில் சாவி பார்க்கும் வேலை கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வேலை போய்ப் பெயரும் கெட்டு, ஒரு பண்டகசாலையில் அட்டைப்பெட்டி அடுக்கப் போன பிறகுதான் பாம்புச்செவிக்குத் தூக்கம் வந்தது. கழுத்து இளகியது. டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். கடைக்காரன் அவசரமாக எதையோ சொன்னால், "காது கேக்காதுப்பா, என்னைப் பார்த்துச் சொல்லு" என்பார். அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சுக்குப் பயந்து ஐந்து வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பேசும்போது எதிரே வந்து நிற்கிறாள்.

இரண்டு மாதம் கழித்துச் சுருட்டையைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனார். சுருட்டையின் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சுருட்டை ஜன்னலோரம் உட்கார்ந்து, மூன்று விரலால் சட்டைப் பொத்தானைப் போடப் பழகிக்கொண்டிருந்தார். பாம்புச்செவி எதிரே உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டார். பொத்தான் இரண்டு தடவை நழுவி, மூன்றாம் தடவை உள்ளே போயிற்று. அதற்குப் பிறகுதான் சுருட்டை நிமிர்ந்தார்.

"நான் வயர்மேன்யா. என்கிட்ட சொல்லியிருந்தா என்ன? தகட்டுக்கு மேல ஒரு லைட்டு மாட்டி, என் பக்கம் ஒரு ஸ்விட்சு வச்சிருப்பேன். அரை மணி நேர வேலை. உன் பெயரும் இருந்திருக்கும், என் விரலும் இருந்திருக்கும்."

பாம்புச்செவியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தார்; பார்த்தால்தானே கேட்கும். சுருட்டை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொண்டை அசைந்தது. மேலும் ஏதோ பேசியிருக்கிறார்.

பழைய ஆளாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு எழுந்திருப்பார். இவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன சொன்ன?" என்று கேட்டார்.

சுருட்டை முழுதாகத் திரும்பினார். அவருக்குப் புரிய வேண்டும் என்று உதடுகளை நன்றாக விரித்து, நிதானமாகச் சொன்னார்.

"இனிமே இங்க வராதன்னு சொன்னேன்."

பாம்புச்செவிக்குத் தெளிவாகக் கேட்டது. எழுந்து வெளியே வந்தார்.