இரண்டு கைகள் கொடுத்த மாத்திரை

"மாத்திரைய யார் எடுத்துக் குடுக்கறீங்க?" என்று உத்திரமேரூர் டாக்டரம்மா கேட்டார். "நான்தான்" என்றேன். அதே நொடியில் பக்கத்திலிருந்தும் "நான்தான்" என்று ஒரு குரல் வந்தது. என் ஓரகத்தி, மகளுக்குப் பெரியம்மா. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். என் மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தைராய்டு குறைவு என்று தெரிந்ததிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. மானாம்பதியிலிருந்து முதல் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். கிளம்புமுன் அவளை எழுப்பிக் கொடுத்துவிட்டுப் போவேன். நான் போன பிறகு வீட்டில் அவளுக்கு எல்லாமே பெரியம்மாதான். தலை வாருவது, சாப்பாடு கட்டுவது, பள்ளிக்கூடத்துக் கதைகளைக் கேட்பது. பெரியவளானதைக்கூட முதலில் அவரிடம்தான் சொன்னாள். என் கைக்கென்று மிஞ்சியிருந்தது அந்த மாத்திரை ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அவரும் தனியாக ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

மகளுக்குக் கை நடுங்கியது. உடம்பு இளைத்தது. பரீட்சைப் பயம் என்றேன் நான். கண்ணு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார் அவர். பள்ளி மைதானத்தில் மயங்கி விழுந்த அன்று அவள் நெஞ்சில் கை வைத்தேன். உள்ளே ஏதோ தப்பித்து ஓடுவதுபோல் அடித்தது. இன்றும் என் உள்ளங்கையில் அது நிற்கவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கால்சியத்துக்கு ஒரு சேமிப்பு அறை உண்டு. கால்சியம் அதிலிருந்து வெளியே வந்தால் தசை சுருங்கும். திரும்ப உள்ளே போனால் தளரும். மாத்திரையில் இருக்கும் தைராய்டு சுரப்பு இந்தப் போக்குவரத்தை வேகப்படுத்தும். அளவோடு இருந்தால் அது பலம். இரட்டிப்பானால் வேகம் எல்லை மீறும், இதயத்துக்கு ஓய்வு போய்விடும், நேரம் தவறியும் துடிக்கும்.

"அப்போ பாலு குடுக்கறத நிறுத்திடட்டுமா டாக்டரம்மா?" என்றார் ஓரகத்தி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நல்லா குடுங்க." அந்த நேரத்திலும் ஓரகத்திக்கு ஒரு சிரிப்பு கிடைத்ததே என்று எனக்கு எரிந்தது.

கொஞ்ச நாள் மாத்திரை வேண்டாம், பிறகு ஒருவர் மட்டும் கொடுங்கள் என்று அனுப்பினார். பஸ்ஸில் மகளைக் கேட்டேன், ஏண்டி இரண்டையும் விழுங்கினாய் என்று.

"வேணான்னா நீ அழுவ. பெரியம்மா சாப்டாம கெடக்கும். நான் இன்னா பண்றது?"

"இனிமே ஒங்கம்மாவே குடுக்கட்டும் கண்ணு" என்றார் ஓரகத்தி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டேதான் சொன்னாள். "பெரியம்மா குடுக்கட்டும்மா. நீ குடுக்கும்போது ஒன் மூஞ்சியப் பாத்தா, எனக்கு இன்னாமோ ஆயிடப்போவுதுன்னு பயமா கீது."

பஸ் ஊர் வந்து சேர்ந்தது. என் டப்பாவை அன்றே ஓரகத்தியிடம் கொடுத்தேன். அவர் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

இப்போது முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில்தான் போகிறேன். உள்ளே ஓரகத்தி மாத்திரை கொடுக்க, கதவுக்கு வெளியே நின்று, மகள் தண்ணீர் குடித்து முடிக்கிற சத்தம் கேட்டபிறகே செருப்பை மாட்டுகிறேன். அவள் நெஞ்சு இன்று சீராக அடிக்கிறது. அது அந்தக் கையால்தான் என்பது மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை.