றஊப்பின் பலகைக் கார்

றஊப்பின் ஸ்டூடியோவில் சிரித்துப் படம் எடுத்தவர்கள் மிகக் குறைவு. அடையாள அட்டைக்குப் படம், பயண அனுமதிப் பாஸுக்குப் படம், முகாமில் பதிவதற்குக் குடும்பப் படம். மூன்றுக்கும் சிரிக்கக் கூடாது. "நேர பாருங்க, காது ரெண்டும் தெரியவேணும்" என்று பத்து வருடமாக ஒரே வசனத்தைச் சொல்லி, திருகோணமலை நகரத்தில் அவருக்குக் 'காதுப் படக்காரர்' என்று பெயரே விழுந்துவிட்டது. யுத்தம் வந்து ஊரில் எத்தனையோ தொழில்கள் படுத்துவிட்டன. இந்தத் தொழில் மட்டும் நிமிர்ந்து நின்றது. ஒவ்வொரு புதுக் கட்டளைக்கும் ஒரு புதுப் படம் தேவைப்பட்டது.

வயது நாற்பத்தாறு. மெலிந்த ஆள். சட்டைப் பையில் மூன்று பேனை வைத்திருப்பார், ஒன்றுதான் எழுதும். படத்தை வெட்டுவதும், உறையில் பெயர் எழுதுவதும், வேண்டாம் என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல்வதும் மனைவி றஹ்மாவின் வேலை. தான் ஒரு கலைஞன் என்று றஊப் உள்ளுக்குள் நம்பினார். அதை வெளியே சொன்னது றஹ்மாவிடம் மட்டும். அவளும் அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் அவர் கலைக்கு ஒரு வேளை வந்தது. அந்த நாட்களில் கனடாவிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு கார் வந்தது. யாரோ ஒரு மச்சான் தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு காரில் சாய்ந்து நிற்பார். கார் யாருடையது என்று கடிதத்தில் இராது. பதில் எழுதுகிறவர்களும் கேட்பதில்லை. ஆனால் பதிலுக்கு ஒரு படம் அனுப்பவேண்டும். எதில் சாய்ந்து நின்று எடுப்பது? ஊரில் சாய்வதற்கு மிஞ்சியிருந்தது ஆமி காவல் நிற்கும் சென்ட்ரிப் பொயின்ற் தார்ப் பீப்பாய்கள்தான். அவற்றில் சாய்ந்தால் வேறு விளக்கம் கேட்பார்கள்.

துறைமுகத்தில் ஏதோ இயந்திரம் வந்திறங்கிய பெட்டியின் பலகை ஒன்று பழைய சாமான் கடையில் கிடந்தது. எட்டடி நீளம், நாலடி உயரம், நல்ல ப்ளைவூட். றஊப் அதை வாங்கிவந்து சுவரில் சாத்தினார். பழைய வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து கிழித்த இரண்டு தாள்களை பார்த்து வரைவதற்காக அதற்கு மேலே சுவரில் ஒட்டினார். ஒன்று இத்தாலியில் செய்த ஓட்டக் கார். சிவப்பு, ஆளின் இடுப்பளவு உயரம், உள்ளே இரண்டே இருக்கை. மற்றது அமெரிக்கக் கார். கறுப்பு, நடுவில் இரண்டு வெள்ளைக் கோடு, உறுமுவதற்கென்றே செய்ததுபோல நீண்டு பருத்த முன்பக்கம். பலகை ஒன்றுதான். கார் இரண்டு.

"ரெண்டு பேர் இருக்கிற காரை யாருக்குக் கீறப்போறீங்க?" என்றாள் றஹ்மா. "இந்த ஊர்ல ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு ஒண்டு காட்டுங்க பாப்பம்."

"நூற்றைம்பது மைல் வேகத்தில ஓடுமாம், றஹ்மா."

"எங்க ஓடுற? நம்மட வாசல்ல இருந்து சென்ட்ரிக்கு முந்நூறு அடி."

தெருவின் ஆண்களும் வந்து இரண்டு தாளையும் பார்த்தார்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் எடுக்கவே விடியற்காலையில் வரிசைக்குப் போகிறவர்கள் எஞ்சினின் பலத்தைப் பற்றி ஒரு கிழமை வாதாடினார்கள். கடைசியில் வாதம் வந்து நின்றது தங்களுக்குத் தெரிந்த இடத்தில்தான். சிவப்புக் காரின் உயரம் குறைவு. உள்ளே பார்க்க ஆமிக்காரன் குனியவேண்டும். குனிந்தவனுக்குக் கோபம் வரும். கறுப்புக் காரின் டிக்கி பெரிது. அதைச் சோதித்து முடிக்க அரை மணி நேரம். ஆகவே இரண்டும் கூடாத கார்கள் என்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கலைந்தார்கள்.

றஊப்பிடம் மிச்சம் இருந்தது ஒரு டின் சிவப்புப் பெயின்ற். இத்தாலி வென்றது.

விளிம்பையும் ஜன்னலையும் தச்சு வாளால் அறுத்து, பலகையைக் காரின் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கடைசியாக நம்பர் தகட்டை வெள்ளையில் எழுதப் போனபோது றஹ்மா தடுத்தாள்.

"நம்பர் எழுதாதீங்க. இந்தக் காலத்தில நம்பர் எண்டா யாராச்சும் வந்து கேப்பாங்க."

"நம்பர் இல்லாத கார் இருக்கா? பார்க்கிறவன் சிரிக்கமாட்டானா?"

மகள் பிறந்த திகதியை நம்பராக எழுதினார். கலைஞன் அல்லவா.

முதல் ஆளாக வந்தவர் சின்னப்போடி. வெருகல் பக்கத்துக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, நகரத்தின் ஒதுக்குப்புறத்தில் ஓலைக் கொட்டில் போட்டு, சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கிறவர். அவருடைய மனைவி அன்னப்பிள்ளையின் தம்பி கனடாவில். அந்தத் தம்பி ஒரு நீலக் காரில் சாய்ந்து நின்ற படம் கொட்டிலுக்கு வந்து இரண்டு மாதமாகிறது.

"நானா, அவன்ட காரை விட இது கொஞ்சம் பெருசா விழவேணும்" என்றார் சின்னப்போடி, றஊப்பை அண்ணன் முறை வைத்து.

"கிட்ட நிண்டு எடுத்தாப் பெருசா விழும். பின்னால போய் இருங்க."

காருக்குப் பின்னால் போனதும் கரைச்சல் தொடங்கியது. நின்றால் இடுப்பில் கட்டிய சாரம் தெரிந்தது. கதிரையில் இருந்தால் கார் கூரைக்கு மேலே நெஞ்சு நின்றது. சின்னப்போடி வெளியே போய்ச் சைக்கிளில் இருந்த மீன் பெட்டியைக் கழற்றிவந்து கவிழ்த்து வைத்து அதில் இருந்தார். அளவு கச்சிதம். ஸ்டூடியோ இரண்டு நாள் மணத்தது. கலர் ரோல் கொழும்புக்கு பஸ்ஸில் போய்க் கழுவி வந்தது. ஒரு பிரதி கனடாவுக்கு, இன்னொன்று சட்டம் போட்டுக் கொட்டிலுக்கு.

மூன்று மாதத்தில் றஹ்மா சொன்னது சரியாயிற்று. ஏழு பேர், ஒன்பது பேர் என்று குடும்பங்கள் வந்து சிவப்புக் காருக்குள் ஏறமுடியாமல் திரும்பின. ஒரு மாப்பிள்ளை தன் உம்மாவை இறக்கிவிட்டுப் படம் எடுக்க, உம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டாள். றஊப் கூரைக்கு ஒரு துண்டுப் பலகை வைத்து ஆணியடித்து உயர்த்தி, சிவப்பின் மேல் கறுப்புப் பெயின்ற் பூசி, வெள்ளைக் கோடு இரண்டு இழுத்தார். அமெரிக்கக் கார் வந்தது. நம்பரை மட்டும் மாற்றவில்லை. மகளின் பிறந்த நாளை எப்படி மாற்றுவது?

அதற்கு அடுத்த கிழமை சின்னப்போடி இருந்த பகுதியில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தது. மத்தியானம் அன்னப்பிள்ளை ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள். செருப்பில்லை.

"நானா, அவரைக் கொண்டு போயிட்டாங்க."

றஹ்மா அவளைப் பிடித்து இருத்தித் தண்ணீர் கொடுத்தாள். கொட்டிலுக்குள் படத்தைக் கண்டிருக்கிறார்கள். நம்பரைக் குறித்துக்கொண்டு போய் விசாரித்தால், அப்படி ஒரு நம்பரே நாட்டில் இல்லை. மீன்காரனிடம் பதியாத கார். எங்கே ஒளித்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். சின்னப்போடி உண்மையைச் சொன்னார்: அது பலகை. அதுதான் பிழையாகிவிட்டது. பகிடி விடுகிறானாம்.

"காரைக் கொண்டுவந்து காட்டினால் விடுறமெண்டு சொல்றாங்க நானா. நாளைக்குக் காலமைக்குள்ள காட்டாட்டி வேற முகாமுக்கு அனுப்பிப்போடுவாங்களாம்."

வேறு முகாம் என்றால் என்னவென்று அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை. றஊப் பலகையைப் பார்த்தார். கறுப்பாக, பளபளப்பாக, பெரிதாக நின்றது அமெரிக்கக் கார்.

"இதையே கொண்டு போய் நடந்ததைச் சொல்லுவம்" என்றார்.

"உங்களுக்கென்ன விசரா?" என்றாள் றஹ்மா. "அவங்கட கையில இருக்கிறது சிவப்புக் கார்ர படம். நீங்க கறுப்பக் கொண்டு போனா, சிவப்பு எங்க எண்டு கேப்பாங்க. அதே நம்பர்ல ரெண்டு கார். சின்னப்போடிக்குப் பக்கத்தில உங்களையும் இருத்துவாங்க."

"கறுப்பச் சுரண்டிப் பார்ப்பமா?"

"சுரண்டினா ரெண்டும் போகும். பலகையின்ட பின்பக்கம் வெறுமைதானே? அதுல கீறுங்க."

றஊப் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரைத் தெரிவு செய்யும் கவலையில்லாமல் கீறினார். கூரைத் துண்டைக் கழற்றினார். மிஞ்சியிருந்த சிவப்பு பின்பக்கத்துக்கு மட்டுமட்டாகப் போதுமாயிருந்தது. அன்னப்பிள்ளை பெயின்ற் காய ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாள். பொழுதுபட ஊரடங்கு வந்ததால் அன்றிரவு றஹ்மாவோடு அங்கேயே தங்கினாள். ஒன்றும் சாப்பிடவில்லை.

காலையில் தள்ளுவண்டிலில் பலகையை நிமிர்த்திக் கட்டி, றஊப் முன்னால் இழுக்க அன்னப்பிள்ளை பின்னால் தள்ளினாள். முதல் சென்ட்ரியில் நின்ற ஆமிக்காரன், வாகனத்தில் வருகிறவர்கள் இறங்கி நடந்து வரவேண்டும் என்று பழக்கதோஷத்தில் கத்தினான். "நடந்துதான் வாறம்" என்றாள் அன்னப்பிள்ளை. அவன் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல், டிக்கியைத் திறக்கச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டான்.

முகாமில் ஒரு இளம் கப்டன் மேசைக்குப் பின்னால் இருந்தான். மேசையில் சின்னப்போடியின் படம். சின்னப்போடி ஓரமாக மண்ணில் குந்தியிருந்தார். ஒரு கண் வீங்கியிருந்தது. அன்னப்பிள்ளை அதைப் பார்த்தாள், பார்க்காததுபோல நின்றாள். பேச்சு சிங்களத்தில் நடந்தது. றஊப்புக்குச் சிங்களம் நன்றாக வரும். வேர்க்கத் தொடங்கினால் போய்விடும்.

கப்டன் எழுந்துவந்து பலகையை விரலால் தட்டினான். டொக் டொக் என்றது. படத்தைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான்.

"படத்தில் கார் இடப்பக்கம் பார்க்கிறது. இது வலப்பக்கம் பார்க்கிறதே?"

பின்பக்கத்தில் கீறினால் கார் மற்றப் பக்கம் பார்க்கும் என்பதைக் கலைஞனும் யோசிக்கவில்லை, கலைஞனின் மனைவியும் யோசிக்கவில்லை. றஊப்புக்கு வேர்த்துவிட்டது. இருந்த சிங்களத்தைக் கூட்டிப் பிடித்துச் சொன்னார்:

"வரும்போது திருப்பிக்கொண்டு வந்தோம், சேர்."

யாரோ ஒரு சிப்பாய் சிரித்தான். கப்டன் சிரிக்கவில்லை. பலகையைத் தானே பிடித்துத் திருப்பினான். மறுபக்கத்தில், வெயிலில் பளபளத்துக்கொண்டு, அதே நம்பரோடு, இடப்பக்கம் பார்த்தபடி நின்றது கூரைத் துண்டு கழன்ற அமெரிக்கக் கார்.

சின்னப்போடி கண்ணை மூடிக்கொண்டார்.

"இது?" என்றான் கப்டன்.

றஊப் எல்லாவற்றையும் சொன்னார். சஞ்சிகைத் தாள், ஒரு டின் சிவப்பு, மீன் பெட்டி, ஏறமுடியாத உம்மா, நேற்று மத்தியானம். பாதிச் சிங்களத்தில், மீதியைக் கையால். பொய் சொல்ல வேண்டிய இடத்தைத் தேடியும் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. கேட்டுக்கொண்டிருந்த சிப்பாய்கள் பலகையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருவன் கறுப்பே நல்லது என்றான். மற்றவன் சிவப்பு என்றான். வயல் ஊர்ப் பெடியன்கள், சம்பளத்துக்கு வந்தவர்கள். கப்டன் அவர்களை அதட்டப் பார்த்தான். அதட்டாமல் றஊப்பைக் கேட்டான்:

"கமரா கொண்டு வந்தாயா?"

றஊப்பின் தோளில் எப்போதும் கமரா தொங்கும்.

அன்று பின்னேரம் வரை படம் எடுத்தார். குடாவிலிருந்து வந்த காற்று பலகையை விழுத்தப் பார்த்ததால், வீங்கின கண்ணோடு சின்னப்போடியே பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றார். சிவப்பு வேண்டும் என்கிறவனுக்குச் சிவப்பு, கறுப்பு வேண்டும் என்கிறவனுக்குக் கறுப்பு. ஒவ்வொரு தடவையும் திருப்ப வேண்டும். "நேர பாருங்க" என்று வாய்ப் பழக்கத்தில் தமிழில் சொன்னார் றஊப். அவர்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். கப்டன் கடைசியாக வந்து சிவப்பில் எடுத்தான். ஊருக்கு அனுப்பத்தான் என்றான், கேட்காமலே.

விடுதலைக் கடிதம் எழுதும்போது புதுக் கரைச்சல் ஒன்று வந்தது. பதியாத கார் வைத்திருந்த குற்றம் என்று பதிவேட்டில் ஏறிவிட்டது. ஏறியதை வெட்ட மேலிடத்தைக் கேட்க வேண்டும். மேலிடத்துக்குப் பலகைக் கார் என்று எழுத எழுதுவினைஞர் மறுத்துவிட்டார். ஆகவே சின்னப்போடி தன் சிவப்புக் காரோடு விடுவிக்கப்படுகிறார் என்று எழுதினார்கள். வாகனம் அவருடைய இருப்பிடத்திலேயே நிற்க வேண்டும். சோதனைக்கு எப்போது வந்தாலும் காட்ட வேண்டும். அனுமதி இல்லாமல் அப்புறப்படுத்தக் கூடாது. கீழே முத்திரை.

றஊப் அதை வாசித்துச் சொன்னதும் அன்னப்பிள்ளை, "அப்ப உங்கட கார், நானா?" என்றாள்.

"எனக்கென்னத்துக்கு? கொண்டு போங்க. நாளைக்கு வந்து கேட்டாங்க எண்டா?"

ஸ்டூடியோவில் அதற்குப் பிறகு கார் வரவில்லை. வெறும் நீலத் திரைதான், இரண்டு காதும் தெரிந்தால் போதும். படம் கேட்டு வந்தவர்களுக்கு றஹ்மா, கார் கனடாவுக்குப் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினாள்.

சின்னப்போடியின் கொட்டிலில் குசினி அடுப்புப் பக்கத்து ஓலைக் கிடுகு மழைக்கு இற்றுப்போய் இருந்தது. அந்த ஓட்டைக்குப் பலகை எட்டடியும் சரியாக வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை றஊப் சுத்தியலோடு போனார். ஆணி அடிக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"எந்தக் கார் வெளியால இருக்கவேணும்?"

சின்னப்போடி யோசித்தார். கண் வீக்கம் வற்றியிருந்தது. "கறுப்புத்தான் நானா கம்பீரம். மச்சான் பாத்தானெண்டா—"

"உங்கட மச்சான் பாக்கமாட்டான், ஆமிதான் பாக்கும்" என்றாள் அன்னப்பிள்ளை அடுப்படியிலிருந்து. "அவங்கட கடதாசியில சிவப்பெண்டுதானே இருக்கு. சிவப்பை றோட்டுப் பக்கம் வையுங்கோ நானா. கறுப்பு உள்ளுக்கு இருக்கட்டும். புகை பிடிச்சாலும் தெரியாது."